பட்டியலில் இல்லாத பயணி: பூச்சாடிக் காளானின் கதை

நாங்கள் கூடிக் கதைக்கிற அறையின் யன்னலோரம் ஒரு அந்தூரியம் சாடி இருக்கிறது. மாரி மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில், ஒருநாள் காலை அந்தச் சாடிக்குள் நாலைந்து மஞ்சள் குடைகள் விரிந்து நின்றன. எலுமிச்சம்பழ மஞ்சள். "உதென்ன, ஆரும் பிளாஸ்ரிக் பூ குத்தி வைச்சிருக்கிறீங்களோ?" என்றுதான் முதலில் வந்தவர் கேட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் காளான்.

பிறகு ஆளுக்கொரு கதை. "தொடாதைங்கோ, நஞ்சு." "செடியின்ர வேரைத் தின்னுது, மண்ணை முழுக்க மாத்துங்கோ." "மருந்தடிச்சாச் சரி." அடுத்த நாள் பின்னேரம் பார்த்தபோது குடைகள் எல்லாம் வாடிச் சுருண்டு, தண்ணியில் நனைந்த கடதாசி மாதிரிக் கிடந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. நாங்கள் அதை விதைக்கவில்லை. சாடி வாங்கி இரண்டு வருசம். அப்படியென்றால் அது எங்கேயிருந்து வந்தது?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடப் போனோம். அது எங்களை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அன்னாசித் தோட்டங்களுக்குக் கொண்டுபோய், பிராக் நகரம் வழியாகச் சுற்றி, கடைசியில் எங்கள் மலைநாட்டிலேயே இறக்கிவிட்டது.

முதலில், அது என்ன?

இந்த மஞ்சள் காளானின் விஞ்ஞானப் பெயர் லூக்கோகொப்ரைனஸ் பிர்ன்பௌமியை. உலகம் முழுக்க வீட்டுச் சாடிகளில் முளைக்கிற காளான்களில் அதிகம் பேர் கண்டது இதுதான். தொப்பி முதலில் முட்டை மாதிரி இருக்கும், பிறகு மணி மாதிரி, கடைசியில் குடை மாதிரி விரியும். மேலே தூள் தூவியது போலச் சின்னச் செதில்கள். விளிம்பில் மடிப்பு மடிப்பாகக் கோடுகள். தண்டில் ஒரு மெல்லிய வளையம். ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும்.

நாங்கள் காளான் என்று சொல்வது அந்த உயிரியின் ஒரு சின்னப் பகுதி மட்டும்தான். மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, இதற்குக் குடை அப்படி. உண்மையான உடல் மண்ணுக்குள்ளே நூல் நூலாகப் பரவியிருக்கிறது. பாடசாலையில் பங்கசு என்ற பாடத்தில் 'பூசணவலை' என்று படித்தோமே, அதுதான். சாடி மண்ணில் கிடக்கிற செத்த மரத்துண்டு, பட்டை, இலை, தும்பு இவற்றைத்தான் அது தின்கிறது. உயிருள்ள வேரைத் தின்பதில்லை. அழுகல்வளரி என்று நாங்கள் மனப்பாடம் செய்த சொல்லுக்கு எங்கள் அறைக்குள்ளேயே ஓர் உதாரணம் இருந்திருக்கிறது.

சூடும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்கும்போது அது குடை விரிக்கும். மற்றக் காலத்தில் பேசாமல் கிடக்கும். சில சாடிகளில் மண்ணைக் கிண்டினால் சின்ன மஞ்சள் உருண்டைகள் தெரியும். உரக்குருணி என்றோ பூச்சி முட்டை என்றோ ஆட்கள் நினைப்பார்கள். அதுவும் இதே பங்கசுதான். கஷ்ட காலத்தைக் கடக்க இறுகி உருண்டு கிடக்கிறது.

இது வெப்பமண்டலத்து உயிரி. எங்களைப் போன்ற நாடுகளில் சாடிக்கு வெளியே, தோட்டத்து உக்கல் மண்ணிலும் வளரும். குளிர் நாடுகளில் வெளியே பிழைக்காது, கதகதப்பான வீட்டுக்குள் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள். ஏனென்றால் இந்தக் காளானை விஞ்ஞானம் முதன்முதலில் 'கண்டுபிடித்தது' இங்கிலாந்தின் வடக்கில், பனி கொட்டுகிற யோர்க்ஷயரில்.

அன்னாசியும் ஓக் பட்டையும்

1493இல் கொலம்பஸின் ஆட்கள் கரீபியன் தீவொன்றில் அன்னாசியைக் கண்டார்கள். அதற்குப் பிறகு இருநூறு வருசமாக ஐரோப்பிய மன்னர்களுக்கும் பணக்காரர்களுக்கும் அந்தப் பழத்தில் தீராத ஆசை. ஆனால் கப்பலில் வரும்போது பழம் அழுகிவிடும். பழம் வராவிட்டால் செடியைக் கொண்டுவந்து வளர்ப்போம் என்று தொடங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தர் முதலில் வெற்றி கண்டார்கள். 1710களில் இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற இடத்தில் மத்தியூ டெக்கர் என்பவரின் தோட்டத்தில் அன்னாசி காய்த்தது. டெக்கர் யார் தெரியுமா? ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் இயக்குநர்களில் ஒருவர். அந்த அன்னாசியைக் கொண்டாட 1720இல் ஓர் ஓவியமே வரைவித்தார். படத்தில் மனிதர் யாரும் இல்லை, அன்னாசி மட்டும்தான்.

குளிர் நாட்டில் அன்னாசிக்கு எப்படிச் சூடு கொடுப்பது? நெருப்பு மூட்டினால் காற்று சூடாகும், ஆனால் வேர் குளிரிலேயே இருக்கும். இதற்கு ஒல்லாந்தர் கண்ட வழி தோல் பதனிடும் தொழிலில் இருந்து வந்தது. தோல் பதனிட ஓக் மரப்பட்டையை இடித்துப் பாவிப்பார்கள். பாவித்து முடிந்த பட்டைத்தூளைக் குழியில் நிரப்பினால் அது மெல்ல மெல்ல நொதித்து, மாதக்கணக்கில் ஒரே அளவான சூடு தரும். கண்ணாடி வீட்டுக்குள் அந்தக் குழி. குழிக்குள் கழுத்துவரை புதைத்த அன்னாசிச் சாடிகள்.

இப்போது காளானின் பக்கத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சூடு இருக்கிறது. ஈரம் இருக்கிறது. தின்ன ஒரு குழி நிறைய மரப்பட்டை இருக்கிறது. அன்னாசிக்காக ஒரு செயற்கை வெப்பமண்டலத்தைக் கட்டப் போய், காளானுக்கும் ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெப்பமண்டலத்தில் இருந்து வந்த செடிகளின் வேரோடு ஒட்டிய மண்ணில் அதன் வித்திகளோ இழைகளோ வந்திருக்கலாம். வந்த நாளையோ கப்பலையோ யாரும் குறித்துவைக்கவில்லை. அன்னாசிக்குக் கணக்கு இருந்தது, மண்ணுக்கு இல்லை.

அந்த அன்னாசிக்குப் பின்னால் இருந்த பணத்தையும் மறக்கக்கூடாது. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய காலம் அது. செடி வந்த அதே கடல்வழிகளில்தான் அந்த மனிதர்களும் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

நெசவாளி, அநாதைப் பையன், அகதி

இந்தக் காளானை முதன்முதலில் படத்தோடு எழுதியவர் ஜேம்ஸ் போல்டன். ஹலிபக்ஸ் என்ற நெசவு நகரத்துக்காரர். நெசவாளியின் மகன், தானும் நெசவாளியாகத் தொடங்கியவர். பல்கலைக்கழகம் போகவில்லை. தானே படித்து, தானே வரைந்து, செப்புத் தகட்டில் தானே செதுக்கி, தன் ஊரைச் சுற்றி வளர்ந்த காளான்களைப் பற்றி 1788இல் இருந்து தொகுதி தொகுதியாக ஒரு நூல் வெளியிட்டார். காளான்களுக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் நூல் அதுதான். அதில் ஒரு சூட்டுக் கண்ணாடி வீட்டில் கண்ட மஞ்சள் காளானும் இருந்தது. 'அகாரிக்கஸ் லூட்டியஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'லூட்டியஸ்' என்றால் மஞ்சள். நேர்மையான பெயர். ஆனால் அதே பெயரை ஏற்கனவே வேறொருவர் வேறொரு காளானுக்குக் கொடுத்திருந்தார். பெயரிடல் விதிப்படி போல்டனின் பெயர் செல்லுபடியாகாமல் போய்விட்டது.

ஐம்பது வருசம் கழித்து பிராக். அங்கே ஒரு தோட்டக் கண்காணிப்பாளர் தன் பொறுப்பில் இருந்த கண்ணாடி வீட்டில், அன்னாசிகளுக்கு நடுவில், மஞ்சள் காளான்களைக் கண்டார். எடுத்துப்போய் ஓகஸ்ட் கோர்டா என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். கோர்டா சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். நுணுக்குக்காட்டியில் பங்கசுகளைப் பார்த்து வரைவதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1839இல் இந்தக் காளானை விவரித்து, கொண்டுவந்து கொடுத்த தோட்டக்காரரின் பெயரையே வைத்தார். பிர்ன்பாம் என்பது அவர் பெயர். அந்தப் பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கோர்டாவின் முடிவு சோகமானது. 1848இல் தாவரங்கள் சேகரிக்க அமெரிக்காவின் டெக்சாஸுக்குப் போனார். அடுத்த வருசம் திரும்பி வரும்போது கப்பல் அத்திலாந்திக்கில் காணாமல் போனது. நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. சேகரித்தது எல்லாம் அவரோடு போய்விட்டது.

பெயரின் முன்பாதியைக் கொடுத்தவர் இன்னொருவர். 1962இல் ரொல்ஃப் சிங்கர் இந்தக் காளானை லூக்கோகொப்ரைனஸ் என்ற சாதிக்குள் கொண்டுவந்தார். சிங்கரின் வாழ்க்கையை எங்களில் பலருக்கு விளக்கவே தேவையில்லை. நாஸிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். வியன்னா, பார்சிலோனா, லெனின்கிராட், பிறகு அமெரிக்கா, பிறகு ஆர்ஜென்டினா, சிலி என்று நாடு நாடாக வாழ்ந்தார். போன இடமெல்லாம் காளான் பொறுக்கினார்.

நெசவாளி ஒருவர், அநாதையாக வளர்ந்த ஒருவர், அகதி ஒருவர், நடுவில் ஒரு தோட்டக்காரர். இந்தப் பெயருக்குள் பிரபுக்கள் யாரும் இல்லாதது எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் இன்னொன்றும் உறுத்தியது. வெப்பமண்டலத்து உயிரி ஒன்றுக்கு, அது வெளியே ஒரு குளிர்காலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாத ஊரின் பெயர்ப்பத்திரம். அது தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இடங்களில் ஆட்கள் அதை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று எந்த நூலும் கேட்கவில்லை.

ஒரு போத்தலுக்குள் தொடங்கிய கதை

அன்னாசிக் காலத்தில் செடி கடத்துவது சூதாட்டம் மாதிரி. உப்புக்காற்றும் நல்ல தண்ணீர்ப் பஞ்சமும் செடிகளைக் கொன்றுவிடும். இலண்டன் ஹக்னியில் பெரிய நாற்றுமேடை வைத்திருந்த லொடிஜஸ், முன்பெல்லாம் இருபது செடியில் பத்தொன்பது வழியிலேயே செத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

இதை மாற்றியவர் நதானியல் பக்ஷோ வார்ட் என்ற வைத்தியர். இலண்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வைத்தியம் பார்த்தவர். 1829இல், ஒரு அந்துப்பூச்சி கூட்டில் இருந்து வெளிவருவதைப் பார்க்க, மூடிய போத்தலுக்குள் ஈர மண்ணைப் போட்டுக் கூட்டை வைத்தார். கொஞ்ச நாளில் அந்த மண்ணில் இருந்து ஒரு சின்னப் பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. அவர் அவற்றை நடவில்லை. மண்ணில் ஏற்கனவே இருந்தது முளைத்தது.

கவனித்தீர்களா? எங்கள் அந்தூரியம் சாடியில் நடந்ததும் இதேதான். வார்ட் அதைத் தூக்கி எறியவில்லை. தண்ணீர் விடாமலேயே அது ஏன் வாழ்கிறது என்று யோசித்தார். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, திரும்பி மண்ணிலேயே விழுகிறது. அப்படியென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை வைத்துக் கப்பலில் அனுப்பலாமே? 1833இல் இரண்டு பெட்டிகளை சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு இருபதில் பத்தொன்பது பிழைக்கின்றன என்று அதே லொடிஜஸ் சொன்னார்.

'வார்டியன் பெட்டி' என்ற அந்தப் பெட்டி உலகத்தையே மாற்றியது. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்தது அதில்தான். 1876இல் பிரேசிலில் இருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே முளைத்தவற்றில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் வார்டியன் பெட்டிகளில் கொழும்புக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று.

அதே பெட்டியின் சின்ன வடிவத்தைப் பிரித்தானியப் பணக்கார வீடுகள் வரவேற்பறையில் வைத்துக்கொண்டன. நிலக்கரிப் புகை நிறைந்த நகரத்தில், வீட்டுக்குள் பன்னம் வளர்ப்பது பெரிய மோகமானது. வீட்டுக்குள் செடி வைக்கிற இன்றைய பழக்கத்தின் ஒரு கிளை அங்கேதான் முளைத்தது. இன்று கடைகளில் 'டெராரியம்' என்று விற்கிற கண்ணாடிக் குடுவை அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைதான்.

ஆனால் பெட்டிக்குள் செடி மட்டும் போகவில்லை. செடி வாழ மண் வேண்டும். மண் என்றால் புழு, பூச்சி முட்டை, களை விதை, பங்கசு எல்லாம் சேர்ந்ததுதான். கப்பல் பட்டியலில் 'இறப்பர் கன்று' என்று எழுதலாம். அந்தக் கன்றின் காலடியில் இருந்த கோடிக்கணக்கான உயிர்களை யார் எழுதுவது?

மலைநாட்டை மாற்றிய பங்கசு

பூச்சாடிக் காளான் பாவம், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் இதே காலத்தில், பட்டியலில் பெயர் இல்லாமல் பயணம் செய்த இன்னொரு பங்கசு எங்கள் நாட்டின் வரலாற்றையே திருப்பியது.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் தவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதைப் பார்த்துப் பெயரிட்டவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற கிராமத்துப் பாதிரியார். பங்கசு ஆய்வில் அந்தக் காலத்தின் பெரும்புள்ளி. அவர் கொடுத்த பெயர் ஹெமிலேயா வஸ்ராட்ரிக்ஸ். 'வஸ்ராட்ரிக்ஸ்' என்றால் நாசமாக்குபவள். பெயர் பலித்தது. கோப்பியைப் போலவே அதன் துருநோயும் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. அது எந்தக் கப்பலில், எந்தச் செடியோடு, அல்லது எந்தக் காற்றோடு வந்தது என்பதற்குப் பதிவில்லை. இருபது வருசத்துக்குள் மலைநாட்டுக் கோப்பி அழிந்துபோனது. அந்த இடத்தில் தேயிலை வந்தது.

இதை நாங்கள் பாடசாலையில் ஒரு வரியில் படித்தோம்: 'கோப்பி நோயினால் அழிந்தது, பின் தேயிலை பயிரிடப்பட்டது.' அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கோப்பி பருவகாலப் பயிர். அறுவடைக் காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். தமிழகத்தில் இருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அறுவடை முடிய, பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பி ஊருக்குப் போவார்கள். தேயிலை அப்படியில்லை. வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேண்டியிருந்தது. லயன்களில் குடியேறியவர்கள் அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே புதைந்தார்கள். பருவத்துக்கு வந்து போனவர்களின் பிள்ளைகள் நிரந்தரக் குடிகளானதில் அந்த இலைப்பொட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து கேட்டது: உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது உன் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் எங்கே? தோட்டத்துக் கணக்கில் அவர்கள் தலை எண்ணிக்கையாகத்தான் இருந்தார்கள். பிறப்புப் பத்திரம் யாரிடம் இருந்தது? பெரும்பாலானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

மனிதரையும் பங்கசையும் நாங்கள் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிடுகிறவர்களைச் சரித்திரம் நிறையக் கண்டிருக்கிறது. சிங்கரை நாட்டை விட்டுத் துரத்தியவர்களும் அப்படித்தான் பேசினார்கள். நாங்கள் சொல்ல வருவது கணக்குப் புத்தகத்தைப் பற்றி. எத்தனை கன்று, எத்தனை இறாத்தல், எத்தனை பவுண் என்று நுணுக்கமாக எழுதிய அதே கைகள், கன்றோடு வந்த மண்ணையும் எழுதவில்லை, கன்றை நட்டவரின் பெயரையும் எழுதவில்லை. பிறகு ஒருநாள், எழுதப்படாததையே குற்றமாக்கி, "நீ எப்ப வந்தனீ?" என்று கேட்டார்கள்.

பேராதனையில் வரைந்தவர்கள்

எங்கள் காளான்களின் ஏட்டு வரலாறும் இதே மாதிரித்தான். பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. தவெயிட்ஸ் சேகரித்து அனுப்பிய பங்கசுகளைப் பார்த்து, பெர்க்லியும் புரூமும் 1870களின் தொடக்கத்தில் 'இலங்கையின் பங்கசுகள்' என்ற தலைப்பில் நூற்றுக்கணக்கான இனங்களை எழுதினார்கள். பெர்க்லி இலங்கைக்கு ஒருபோதும் வந்ததில்லை. 1905இல் வந்த தொமஸ் பெட்ச் இங்கேயே இருந்து வேலை செய்தார். கறையான் புற்றுக்குள் வளரும் பங்கசைப் பற்றி 1906இல் எழுதினார். 1986இல் பெக்லர் இலங்கையின் குடைக்காளான்களுக்கு ஒரு முழு நூல் எழுதினார்.

பேராதனையில் 1823இல் இருந்து 38 வருசம் தாவரங்களை வரைந்தவர் ஹர்மனிஸ் டி அல்விஸ். அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளும் வரைந்தார்கள். இங்கிலாந்தில் இருந்தவர்கள் இலங்கைத் தாவரங்களை அறிந்துகொண்டதில் அந்தக் குடும்பத்தின் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தவெயிட்ஸ் அவர் நினைவாக ஒரு சின்ன ஓர்க்கிட் சாதிக்கு 'அல்விசியா' என்று பெயரிட்டார். நல்ல மனம்தான். ஆனால் அந்தச் சாதி பிறகு இன்னொன்றோடு சேர்க்கப்பட்டு, பெயர் வழக்கொழிந்து போனது. பிராக் தோட்டக்காரரின் பெயர் மிஞ்சியது, பேராதனை ஓவியரின் பெயர் தாங்கிய அந்த ஓர்க்கிட் சாதி மிஞ்சவில்லை. இதில் சதி ஒன்றுமில்லை, பெயரிடல் விதிகள் அப்படி. ஆனாலும் எங்களுக்கு அது ஒரு மாதிரித்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. மழை விட்டதும் புற்றடியில் முளைக்கிற காளானை எங்கள் அம்மம்மாக்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். எது கறிக்கு, எது தொடக்கூடாது, எந்த மழைக்குப் பிறகு எந்தப் பக்கம் போகவேண்டும் என்றெல்லாம். இலங்கையில் இருந்து போன மாதிரி ஒன்றைப் பார்த்துத்தான் 1847இல் பெர்க்லி அந்தக் கறையான் காளான்களில் ஒன்றுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். பெர்க்லியின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அம்மம்மாக்களின் அறிவு இடப்பெயர்வுகளிலும் காணி இழப்புகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. காடும் வயலோரமும் போனால் அங்கே எதைப் பறிப்பது என்ற அறிவும் போய்விடும்.

மறுபடியும் சாடிக்கு

மண்ணோடு செடி அனுப்புவது ஆபத்து என்று உலகம் மெல்லத்தான் புரிந்துகொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடுகள் ஒவ்வொன்றாகத் தடுப்புக்காப்புச் சட்டங்கள் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 1912இல், இலங்கையில் 1924இல் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். வெளிநாடு போய் வரும் மாமாவோ சித்தியோ பெட்டிக்குள் மண்ணோடு பூக்கன்று ஒளித்துக் கொண்டுவரக் கூடாது என்பதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது.

மண் போகாவிட்டாலும் மண்ணுக்குப் பதிலானது போகிறது. ஒரு காலத்தில் தும்பு ஆலைகளுக்குப் பின்னால் கழிவாகக் குவிந்து கிடந்த தும்புத்தூள், இன்று அழுத்திய கட்டிகளாக இலங்கையில் இருந்து ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளுக்குக் கப்பலேறுகிறது. அன்னாசிக்கு ஓக் பட்டை. இப்போது தக்காளிக்கும் ஸ்ரோபெரிக்கும் எங்கள் தேங்காய் மட்டை.

சரி, உங்கள் சாடியிலும் மஞ்சள் குடை விரிந்தால் என்ன செய்வது? சாப்பிட வேண்டாம், வயிற்றைக் குழப்பும். சின்னப் பிள்ளையோ பூனையோ நாயோ உள்ள வீடென்றால் கிள்ளி எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது; மருந்தடிக்கவும் தேவையில்லை. மேல்மண் காயவிட்டுத் தண்ணி ஊற்றினால் குடைகள் குறையும். ஆனால் உள்ளே இருக்கிற ஆள் போகமாட்டார். மண்ணை முழுக்க மாற்றினாலும், வேரில் ஒட்டிய ஒரு துளி போதும்.

நாங்கள் எங்கள் அந்தூரியத்தை அப்படியே விட்டுவிட்டோம். அடுத்த மழைக்கு மூன்று குடை வந்தது. இந்த முறை யாரும் கத்தவில்லை. படம் எடுத்து, திகதி போட்டு, எத்தனை என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வைத்தோம். கீழே ஒரு வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது: 'ஊரில் வழங்கும் பெயர்'.

எங்களில் ஒருவர் 'மஞ்சள் நாய்க்குடை' என்று எழுதலாம் என்றார். இன்னொருவர், அது நாங்கள் இப்போது வைக்கிற பெயர், ஆட்கள் வழங்கிய பெயர் இல்லையே என்றார். வாதம் முடியவில்லை. உங்கள் அம்மம்மாவிடமோ அப்பத்தாவிடமோ ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில், வளவில், வயல் வரம்பில் இதைக் கண்டிருக்கிறாவோ, என்னவென்று கூப்பிட்டவ என்று. பதில் கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள். அந்த வரியை நிரப்பத்தான்.